பூமியில் செய்த சூரியக் கடிகாரம் செவ்வாயில் ஓடுமா?

கேட்டவர் கேள்வியைச் சுருக்கினால் இப்படி வரும்: செவ்வாயில் ஒரு நாள் 24 மணி 39 நிமிடம் நீள்கிறது, அப்படியானால் சூரியக் கடிகாரத்தின் மணிக்கோடுகளை எப்படி மாற்றி வரைய வேண்டும்? பள்ளிக் கண்காட்சிக்கு ஒரு மாதிரி செய்ய முடியுமா? சந்திரனுக்கும் இதே போல் ஒன்று செய்யலாமா? இவற்றுக்கு அடியில் இன்னொரு கேள்வி இருக்கிறது. ஒரு சூரியக் கடிகாரத்தில் எது அந்தந்தக் கோளைச் சார்ந்தது, எது சாராதது என்பதுதான் அது. அதற்கு விடை தெரிந்தால் மற்றவை தாமாகவே தெளிந்துவிடும்.

மணிக்கோடுகளை மாற்றவே வேண்டாம். நிழலுக்குத் தான் எந்தக் கோளில் விழுகிறோம் என்பது தெரியாது. அதற்குத் தெரிந்தவை இரண்டே: கோள் சுழலும் அச்சு எந்தப் பக்கம் இருக்கிறது, தரை எவ்வளவு சாய்ந்திருக்கிறது. கிடைமட்டப் பலகைக்கான வாய்பாட்டைப் பாருங்கள்: டேன்(கோட்டின் கோணம்) = சைன்(அட்சரேகை) × டேன்(மணிக்கோணம்). மணிக்கோணம் என்பது நண்பகலிலிருந்து சூரியன் நகர்ந்த கோணம். கோளின் பெயரோ நாளின் நீளமோ இதில் எங்கும் வரவில்லை. செவ்வாயின் ஒரு நாளை, அதாவது ஒரு சோலை, 24 பங்காக்கி ஒவ்வொன்றையும் ஒரு செவ்வாய் மணி என்று கொண்டால் ஒரு மணிக்குரிய மணிக்கோணம் அதே 15 பாகைதான். விண்கலங்களை இயக்குவோரும் இப்படித்தான் கணக்கிடுகிறார்கள். ஒரு சோல் பூமிக் கணக்கில் 24 மணி 39 நிமிடம் 35.2 விநாடி; ஆகவே செவ்வாய் நிமிடம் ஒன்று நம்முடைய 61.65 விநாடி. பலரும் தவறுவது இங்கேதான். பூமி மணியையே காட்ட வேண்டும் என்று 360-ஐ 24.66-ஆல் வகுத்து 14.6 பாகைக்கு ஒரு கோடு போடுவார்கள். ஒரு சுற்று முடியும்போது 39 நிமிடம் மிஞ்சி நிற்கும். மறுநாள் எண்கள் அத்தனையும் அந்த அளவு நகர்ந்திருக்கும். அந்தப் பலகை ஒரே ஒரு நாளைக்குத்தான் உதவும்.

இனி மாறுபவை. முதலாவது அட்சரேகை. பார்க்கச் சின்ன விஷயம், ஆனால் முள்ளின், அதாவது நிழலை விழவைக்கும் சாய்ந்த கம்பியின், சாய்வே இதை நம்பித்தான் இருக்கிறது. இன்றைய செவ்வாய் வரைபடங்கள் பெரும்பாலும் கோளின் மையத்திலிருந்து அளந்த அட்சரேகையைத் தருகின்றன. ரசமட்டமும் தூக்குக்குண்டும் காட்டுவதோ அந்த இடத்துச் செங்குத்தை. செவ்வாய் பூமியைவிடச் சற்று அதிகம் தட்டையானது, ஏறத்தாழ 170-இல் ஒரு பங்கு. அதனால் இந்த இரண்டு அளவுகளும் 45 பாகைப் பகுதியில் 0.34 பாகை வரை விலகும். வரைபட அட்சரேகையின் டேன் மதிப்பை 1.0119-ஆல் பெருக்கித் திரும்பக் கோணமாக்கினால் நமக்கு வேண்டிய அளவு கிடைக்கும். பெர்சிவரன்ஸ் ஊர்தி 2021 பிப்ரவரியில் இறங்கிய ஜெசெரோ பள்ளத்தை எடுத்துக்கொள்வோம். வரைபடத்தில் அது வடக்கு 18.44 பாகை, முள்ளுக்கு வேண்டியது 18.64 பாகை. இனி வரும் கணக்குகள் எல்லாம் இந்த இடத்துக்கானவை.

இந்த அட்சரேகையில் கிடைமட்டப் பலகையின் கோடுகள் நண்பகலிலிருந்து இப்படி விழும்: 1 மணிக்கு 4.9 பாகை, 2-க்கு 10.5, 3-க்கு 17.7, 4-க்கு 29.0, 5-க்கு 50.0, 6-க்கு 90. நண்பகலை ஒட்டிக் கோடுகள் நெருக்கியடித்து நிற்பதும், மாலையில் ஒரு மணிக்கு 40 பாகை பாய்வதும் இதிலேயே தெரிகிறது. கோளின் நடுவரைக்கு (பூமியில் நிலநடுக்கோடு) பக்கத்தில் உள்ள இடங்களுக்குக் கிடைமட்டப் பலகை ஏற்றதல்ல. கியூரியாசிட்டி ஊர்தி இறங்கிய கேல் பள்ளம் தெற்கு 4.6 பாகை, அங்கே முள் கிட்டத்தட்ட பலகையோடு படுத்துவிடும். இப்படிப்பட்ட இடங்களுக்கு நான் சொல்வது வளையக் கடிகாரம்: கோளின் அச்சுக்கு இணையாக ஒரு கம்பி, அதைச் சுற்றி நடுவரைத் தளத்தில் அரைவட்டப் பட்டை. பட்டையின் உட்புறத்தில் மணிகள் சம இடைவெளியில் விழும். அந்தச் சம இடைவெளிதான் பின்னால் வரும் பெரிய சிக்கலைத் தீர்க்கப் போகிறது.

அளவுகளைச் சொல்கிறேன். பட்டையின் உட்புற ஆரம் 20 செ.மீ. என்றால் ஒரு மணிக்கு 5.24 செ.மீ., ஒரு நிமிடத்துக்கு 0.87 மி.மீ. ஜெசெரோவில் கோடைப் பகல் சுமார் 13.2 செவ்வாய் மணி நீளும். அதனால் அரைவட்டம் போதாது; 200 பாகை வேண்டும், அதாவது சுமார் 70 செ.மீ. பட்டை. அதற்கு மேல் நீட்டாதீர்கள். சம பகலிரவு நாட்களில் சூரியன் பட்டையின் தளத்திலேயே நகர்வதால், அரைவட்டத்தைத் தாண்டி மேலே நிற்கும் நுனிகள் காலையிலும் மாலையிலும் ஏறத்தாழ 40 நிமிடம் கம்பியை மறைத்துவிடும். முழு வளையமாக வைத்தாலோ அந்த நாட்களில் பகல் முழுவதும் அதன் நிழலே அதன்மேல் விழுந்துகொண்டிருக்கும். கம்பி நடுவிலிருந்து இரு பக்கமும் குறைந்தது 10 செ.மீ. நீள வேண்டும். செவ்வாயின் அச்சுச் சாய்வு 25.19 பாகை என்பதால், உச்சக் கோடையிலும் உச்சக் குளிரிலும் பட்டையின் நடுவில் விழும் நிழல் கம்பியில் 9.4 செ.மீ. தள்ளியிருக்கும் புள்ளியிலிருந்து வருகிறது. கம்பி குட்டையாக இருந்தால் அந்தப் பருவங்களில் நிழல் பட்டையை எட்டவே எட்டாது. இந்தத் தவறு வருடத்தில் பாதி நாள் வெளியே தெரியாது.

கம்பியின் தடிமனைச் சூரியனின் தோற்ற அளவுதான் தீர்மானிக்கிறது. பூமியிலிருந்து பார்க்கச் சூரியன் 0.53 பாகை அகலம். செவ்வாயிலிருந்து சராசரியாக 0.35. ஆகவே 20 செ.மீ. தூரத்தில் புறநிழலின், அதாவது நிழலின் மங்கிய ஓரத்தின், அகலம் இங்கே 1.9 மி.மீ., அங்கே 1.2 மி.மீ. 2 மி.மீ. கம்பி பூமியில் மங்கிய சாம்பல் கோடாகத்தான் விழும். செவ்வாயில் நடுவே தெளிவான கருநிழல் இருக்கும். 2.5 மி.மீ. கம்பி போதும், நிழலின் நடுக்கோட்டைப் படித்தால் நிமிடத்துக்கு அருகில் வரலாம். இந்த ஒரு விஷயத்தில் செவ்வாய் நம்மைவிட நல்ல இடம். சூரிய ஒளி சராசரியாக பூமியில் கிடைப்பதில் 43 சதம்தான் என்றாலும் நிழல் படிக்க அது தாராளம்.

பட்டை, கம்பி, தாங்கி எல்லாவற்றையும் ஒரே உலோகத்தில் செய்யுங்கள். பகலுக்கும் இரவுக்கும் வெப்பநிலை பல பத்து பாகை மாறும். 70 செ.மீ. அலுமினியப் பட்டை 100 பாகை மாற்றத்துக்கு 1.6 மி.மீ. சுருங்கும், மொத்த அமைப்பும் சேர்ந்து சுருங்கினால் கோணங்கள் மாறாது. அதன்மேல் அக்ரிலிக் அளவுகோலைத் திருகி இறுக்கினால் அது ஏறத்தாழ மூன்று மடங்கு சுருங்கி வளையும், இல்லையென்றால் திருகைச் சுற்றி வெடிக்கும். எண்களை வண்ணத்தில் எழுதாமல் செதுக்குவதே நல்லது. ஓசோன் காப்பு இல்லாத வானத்திலிருந்து இறங்கும் புறஊதாக் கதிர் சாயத்தை வெளுக்கும்.

இப்போது உண்மையான வேறுபாட்டுக்கு வருகிறேன். சூரியன் காட்டும் நேரமும் சீராக ஓடும் கடிகாரத்தின் நேரமும் எங்கும் ஒன்றாக இருப்பதில்லை. பூமியில் இந்த வித்தியாசம் 14 நிமிடப் பின்தங்கலுக்கும் 16 நிமிட முந்தலுக்கும் இடையில் ஊசலாடும். செவ்வாயில் 51 நிமிடம் பின்தங்கும், 40 நிமிடம் முந்தும். செவ்வாயின் அச்சுச் சாய்வு நம்முடையதற்கு நெருக்கமானதுதான். காரணம் அதன் சுற்றுப்பாதை. அதன் மையப்பிறழ்ச்சி, அதாவது பாதை வட்டத்திலிருந்து எவ்வளவு நீண்டிருக்கிறது என்ற அளவு, 0.0934; பூமியினுடையது 0.0167. சூரியனுக்கு அருகில் வரும்போது செவ்வாய் விரைந்து ஓடுகிறது, விலகும்போது தளர்கிறது. வருடம் முழுக்க ஒரே கடிகார நேரத்தில் சூரியனைப் படம் எடுத்து அடுக்கினால் பூமியில் எட்டு வடிவம் கிடைக்கும். செவ்வாயில் நீர்த்துளி வடிவம் கிடைப்பது இதனால்தான்.

செவ்வாயின் பருவத்தைச் சூரிய நெட்டாங்கால் குறிப்பார்கள்: 0 பாகை வடக்கு வசந்தத்தின் தொடக்கம், 90 கோடை உச்சி, 180 இலையுதிர் தொடக்கம், 270 குளிர் உச்சி. திருத்தம் பாகையில் இது: 2.861 × சைன்(2 மடங்கு நெட்டாங்கு) − 0.071 × சைன்(4 மடங்கு நெட்டாங்கு) − மையச் சமன். மையச் சமன் என்பது 10.691 × சைன்(சராசரிப் பிறழ்கோணம்) + 0.623 × சைன்(அதன் 2 மடங்கு) + 0.050 × சைன்(அதன் 3 மடங்கு). சராசரிப் பிறழ்கோணம் என்பது, சூரியனுக்கு மிக அருகில் வந்த இடத்திலிருந்து கோள் சீரான வேகத்தில் ஓடியதாகக் கொண்டால் கடந்திருக்கும் கோணம். பாகையை 4-ஆல் பெருக்கினால் செவ்வாய் நிமிடம். கணக்குப் போட நேரமில்லாதவர்களுக்கு 30 பாகைக்கு ஒன்றாக மதிப்புகள்: 0-இல் −41 நிமிடம், 30-இல் −20, 60-இல் +1, 90-இல் +15, 120-இல் +24, 150-இல் +33, 180-இல் +40, 210-இல் +36, 240-இல் +18, 270-இல் −13, 300-இல் −41, 330-இல் −51. கூட்டல் குறி என்றால் நிழல் கடிகாரத்தை முந்துகிறது. 240-க்கும் 300-க்கும் நடுவே என்ன நடக்கிறது என்று கவனியுங்கள்: தொண்ணூற்றுச் சொச்சம் சோல்களில் 59 நிமிடம் சரிகிறது, அதாவது சோலுக்கு அரை நிமிடத்துக்கும் மேல். அந்தப் பருவத்தில் போன வாரத்துத் திருத்தத்தை இன்று போட்டால் நான்கு நிமிடம் பிழைக்கும்.

கிடைமட்டப் பலகையில் இந்தத் திருத்தத்தை ஒவ்வொரு முறையும் மனக்கணக்காகக் கூட்டிக் கழிக்க வேண்டும். வளையத்தில் அளவுகோலையே நகர்த்திவிடலாம். மணிகள் சம இடைவெளியில் இருப்பதால், பட்டையின் உட்புறத்தில் ஒரு வழுக்கும் நாடாவை வைத்து, நிழல் பின்தங்கும்போது மேற்கு நோக்கியும் முந்தும்போது கிழக்கு நோக்கியும் இழுத்தால் போதும். 51 நிமிடத்துக்கு 44.5 மி.மீ., 40 நிமிடத்துக்கு 35 மி.மீ.; மொத்தம் 8 செ.மீ. ஓட்டம். நாடாவில் 4 மணி 40 நிமிடத்திலிருந்து 19 மணி 31 நிமிடம் வரை பொறிக்க வேண்டியிருப்பதால் அதன் நீளம் 78 செ.மீ. ஆகும். செவ்வாயின் சுழியத் தீர்க்கரேகையைக் குறிக்கும் ஏரி-0 (Airy-0) என்ற பள்ளத்தை வைத்துச் சொல்லும் செவ்வாய்ப் பொது நேரம் வேண்டுமென்றால் இன்னொரு கழித்தலும் உண்டு. ஜெசெரோ கிழக்கு 77.45 பாகை, ஆகவே உள்ளூர் சராசரி நேரம் 5 மணி 10 நிமிடம் முன்னால் ஓடும். இது என்றும் மாறாத எண். நாடாவில் இரண்டாவது வரிசையாகப் பொறித்துவிடலாம்.

கம்பியின் நடுவில் ஒரு பாசிமணியைக் கோத்து, அதன் நிழல் பட்டையின் அகலவாக்கில் எங்கே விழுகிறது என்று பார்த்துப் பருவத்தையும் படிக்கலாம். இதற்குப் பட்டையின் அகலம் 19 செ.மீ. வேண்டும், நேரம் மட்டும் போதுமென்றால் 3 செ.மீ. பட்டையே போதும். பாசிமணியின் நிழல் சூரியனின் சாய்வை, அதாவது நடுவரைத் தளத்துக்கு எவ்வளவு வடக்கே அல்லது தெற்கே நிற்கிறது என்பதை, சொல்லுமே தவிர, வருடத்தின் எந்தப் பாதி என்பதைச் சொல்லாது. நிழல் பட்டையின் நடுவில் விழுகிறது என்றால் அது வசந்தமாகவும் இருக்கலாம், இலையுதிராகவும் இருக்கலாம். பூமியில் இதைத் தவறாக எடுத்தால் கால் மணி நேரம் போகும். செவ்வாயில் ஒன்றுக்கு −41, மற்றதுக்கு +40. ஒன்றே கால் மணி நேரத்துக்கும் மேல் பிழைத்துவிடும். கூடவே சோல் எண்ணிக்கையையும் வைத்திருக்க வேண்டும். ஒரு செவ்வாய் வருடம் 668.6 சோல்.

நிறுவுவதில் திசைகாட்டி உதவாது. கோள் முழுவதும் பரவிய காந்தப்புலம் செவ்வாய்க்கு இல்லை. நம் ஊர் சிற்பிகள் சங்கு நாட்டித் திசை பார்க்கும் பழைய வழி அங்கும் அப்படியே செல்லும். மட்டமான தரையில் செங்குத்தாக ஒரு கோலை நட்டு, அதைச் சுற்றி வட்டம் வரைந்து, முற்பகலில் நிழல்நுனி வட்டத்துக்குள் நுழையும் இடத்தையும் பிற்பகலில் வெளியேறும் இடத்தையும் குறித்து, இரண்டையும் சேர்த்த கோட்டுக்குச் செங்குத்து போட்டால் வடக்கு–தெற்கு. இந்த முறையில் நாள் நடுவே சூரியனின் சாய்வு மாறுவதால் ஒரு சிறு பிழை வரும். பூமியில் அந்த மாற்றம் நாளுக்கு 0.4 பாகை வரை போகும். செவ்வாயில் சோலுக்குக் கால் பாகை அளவுதான், எனவே அங்கே இன்னும் துல்லியம். ஜெசெரோவில் நெட்டாங்கு 49-ஐ ஒட்டியும் 131-ஐ ஒட்டியும் நண்பகலில் நிழலே இருக்காது, சென்னையில் ஏப்ரலிலும் ஆகஸ்டிலும் வரும் நிழலில்லா நாள் போல. அந்த நாட்களில் வட்டத்தைப் பெரிதாகப் போட்டுக்கொள்ள வேண்டும்.

வடக்கைவிடவும் கவனம் வேண்டியது கிழக்கு–மேற்கு மட்டம். இந்த அட்சரேகையில் வடக்கு ஒரு பாகை தவறினால் சம பகலிரவில் 1.3 நிமிடம், குளிர் உச்சியில் 3 நிமிடம் பிழைக்கும். கிழக்கு–மேற்கு மட்டம் ஒரு பாகை தவறினால் எந்தப் பருவத்திலும் 3 முதல் 4 நிமிடத்துக்கு மேல் வரை பிழை. தூக்குக்குண்டு அங்கும் வேலை செய்யும், ஆனால் ஈர்ப்பு 0.38 மடங்கு என்பதால் 1 மீட்டர் நூல் ஓர் ஆட்டத்துக்கு 2 விநாடிக்குப் பதில் 3.3 விநாடி எடுக்கும், மெல்லிய காற்றில் எளிதில் அடங்காது. குண்டின் அடியை ஒரு தூரிகையில் லேசாக உரசவிட்டு நிறுத்த வேண்டும்.

இதுவரை சொன்னவை வடிவியல், சந்தேகத்துக்கு இடமில்லை. உறுதியாகச் சொல்ல முடியாத பகுதி தூசி. தெளிவான பருவத்தில் செவ்வாய் வானின் ஒளியியல் ஆழம் (நேரொளியைக் காற்று எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு) 0.5 என்று கொண்டால், தலைக்கு மேல் சூரியன் நிற்கையில் நேரொளியில் 61 சதம் தரைக்கு வரும். அதே சூரியன் 30 பாகை உயரத்தில் இருந்தால் 37 சதம். தூசிப் பருவத்தில் ஆழம் 1 ஆனால் இவை 37-ம் 14-மாகக் குறையும். மிச்ச ஒளி வானமெங்கும் சிதறி நிழலுக்குள்ளேயே வந்து விழுவதால், காலை மாலை நிழலைப் படிக்க முடியாமல் போகும். 2018-இல் கோள் முழுவதையும் மூடிய புயலில் ஆழம் 10-ஐத் தாண்டியது. அப்போது எந்தக் கடிகாரத்திலும் நிழல் விழாது. படியும் தூசியோ இடத்துக்கு இடம், காற்றுக்குக் காற்று மாறும். பாத்ஃபைண்டர் விண்கலத்தின் சூரியத் தகடுகளில் சோலுக்குச் சுமார் 0.28 சதம் இழப்பு அளக்கப்பட்டது. வேறு ஊர்திகளில் சுழல்காற்று வந்து துடைத்துவிட்டும் போனது. அதனால் இத்தனை சோல் படிக்கலாம் என்று எண் தருவது நேர்மையாகாது. பட்டையின் அடிப்பகுதியில்தான், அதாவது நண்பகலை ஒட்டிய மணிகளில்தான், தூசி அதிகம் தங்கும். அங்கே பட்டையில் சில துளைகள் போட்டுவைப்பது நல்லது.

செவ்வாய்க்குப் போன சூரியக் கடிகாரங்கள் ஏற்கெனவே உண்டு. 2004 ஜனவரியில் இறங்கிய ஸ்பிரிட், ஆப்பர்ச்சூனிட்டி ஊர்திகளின் கேமராவுக்கு நிறம் சரிபார்க்கும் பலகை ஒன்று வேண்டியிருந்தது. அதன் நடுவில் எப்படியும் ஒரு குச்சி நிற்கப் போகிறது, அதைச் சூரியக் கடிகாரமாக்கலாமே என்றவர் அமெரிக்கத் தொலைக்காட்சி அறிவியல் நிகழ்ச்சியாளர் பில் நை. வானியலாளர் வுட்ரஃப் சல்லிவன் உள்ளிட்ட குழு அதை வடிவமைத்தது. சுமார் 8 செ.மீ. சதுரம், மேலே "இரண்டு உலகங்கள், ஒரே சூரியன்" என்ற பொருளில் ஆங்கில வாசகம். அதில் மணிக்கோடுகள் பொறிக்கப்படவில்லை. ஊர்தி நகர்ந்துகொண்டும் சாய்ந்துகொண்டும் இருப்பதால் பொறித்த கோடு ஒரு நாளும் பொருந்தாது. ஊர்தியின் சாய்வையும் திசையையும் கணக்கிட்டுப் படத்தின்மேல் கோடுகளை வரைந்தார்கள். குச்சியின் நிழல் சாம்பல் வளையங்களின்மேல் விழுவதால், நேரொளி எவ்வளவு, சிதறொளி எவ்வளவு என்று பிரித்து அளக்கவும் முடிந்தது. கியூரியாசிட்டியின் பலகையில் நிறச் சில்லுகளுக்கு அடியில் தூசியை இழுக்கும் காந்தங்களும் சேர்ந்தன. தரையில் நிலையாக நட்ட கடிகாரம் இன்னும் அங்கே இல்லை. மேலே சொன்ன வளையம் காகிதத்தில் சரியானது, களத்தில் சோதிக்கப்படாதது.

சந்திரனில் காற்றில்லை, நிழல் கரியது, அச்சுச் சாய்வு வெறும் 1.5 பாகை என்பதால் பருவச் சிக்கலும் இல்லை. வேறொரு எல்லை உண்டு. சந்திர நாள் 29.53 பூமி நாள். சூரியன் பூமி மணிக்கு அரைப் பாகைதான் நகரும், அதுவே சூரியனின் தோற்ற அகலமும். எனவே புறநிழலின் அகலமே ஒரு பூமி மணி. சந்திரயான்-3 இறங்கிய தெற்கு 69.37 பாகையில் சூரியன் உச்சியிலும் 21 பாகையளவுதான் எழும். 1 மீட்டர் கோலின் நண்பகல் நிழல் 2.7 மீட்டர். அங்கே கிடைமட்டப் பலகையே சிறந்தது, கோடுகள் கிட்டத்தட்ட சம இடைவெளியில் வரும். தென்கோளம் என்பதால் முள் தெற்கே பார்க்க வேண்டும், எண்கள் கடிகார முள்ளுக்கு எதிராகச் சுற்ற வேண்டும்.

வெள்ளியில் மேகம் நிழலையே தராது, அதை விட்டுவிடலாம். புதன்தான் அழகு. அதன் சூரிய நாள் 176 பூமி நாள், துல்லியமாக இரண்டு புதன் வருடம். அச்சுச் சாய்வோ ஏறத்தாழ இல்லை. ஆகவே சூரியனின் தாமதமும் வேகமும் ஒவ்வொரு நாளும் அதே மணியில் அப்படியே திரும்ப வரும். திருத்தம் என்று தனியே ஒன்று வேண்டாம். சீர் நேரக் கோடுகளையே நிரந்தரமாகச் செதுக்கிவிடலாம். தீர்க்கரேகைக்குத் தக்கபடி அவற்றின் இடைவெளி மாறும். சூரியனுக்கு மிக அருகில் வரும் சுமார் எட்டுப் பூமி நாட்கள் மட்டும் நிழல் பின்னோக்கி நகரும்; அந்தச் சிறு பகுதியில் ஒரே இடத்தை நிழல் மூன்று முறை தொடுவதால் அங்கே ஒரே கோட்டுக்கு மூன்று எண் எழுத வேண்டியிருக்கும்.

கண்காட்சிக்கு ஜெசெரோ வளையத்தையே செய்யுங்கள். கம்பி தரையோடு 18.64 பாகை சாய்ந்தபடி அடிப்பலகையில் நிலையாகப் பொருத்துங்கள். புனேயின் அட்சரேகை 18.5 பாகை என்பதால் அந்த ஊரில் மட்டமாக வைத்தாலே ஓடும். சென்னை 13.08 பாகை, அங்கே அடிப்பலகையின் தெற்கு விளிம்பை 5.56 பாகை தூக்க வேண்டும், 30 செ.மீ. பலகைக்கு 2.9 செ.மீ. உயர ஆப்பு. நாடாவைத் திருத்தமின்றி நடுவில் வைத்து, அன்றைய உள்ளூர்ச் சூரிய நேரத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பொருந்தினால் வளையம் சரி. பிறகு ஆப்பை எடுத்துவிட்டு, நாடாவைச் செவ்வாயின் இன்றைய நெட்டாங்குக்குரிய இடத்துக்கு இழுத்து, பக்கத்தில் அந்த எண்ணை எழுதி வையுங்கள்.